கருத்துக்கு முன் கணக்கு: திரைச் செய்தியிலிருந்து நடப்புச் செய்தி வரை

இதழியலுக்குள் வரும் இளைஞர்களில் பெரும்பாலோர் கையில் கருத்தோடுதான் வருகிறார்கள். தேர்தல் முடிவு, போர், புதிய சட்டம், நேற்று வெளியான படம், பிரிந்துபோன இசைக்குழு என எதைப் பற்றிக் கேட்டாலும் அவர்களிடம் சொல்வதற்கு ஏதேனும் இருக்கும். அதில் தவறு ஏதும் இல்லை. உலக நடப்பில் அக்கறை இல்லாத ஒருவர் இந்தத் தொழிலை நாடி வரவே மாட்டார். நானும் அப்படித்தான் வந்தேன். இப்போதும் பயிற்சி நிலையில்தான் இருக்கிறேன். இந்தக் குறுகிய காலத்தில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்றை மட்டும் இங்கே விளக்க விரும்புகிறேன். அரசியல் செய்தியை எழுதும்போது கட்டாயம் என்று நாம் கருதும் சரிபார்ப்பை, திரை, இசை, விளையாட்டு நட்சத்திரங்கள் பற்றிய செய்திகளில் தளர்த்திக்கொள்வதுதான் இளம் செய்தியாளரின் எழுத்தை முதலில் கெடுக்கிறது. அங்கே பழகிய தளர்ச்சி, பிறகு அரசியல் பக்கத்துக்கும் கூடவே வந்துவிடுகிறது.

செய்தி அறைகளில் வேலை பிரிக்கப்படும் விதம் இதற்கு ஒரு காரணம். நாடாளுமன்றம், நீதிமன்றம், பொருளாதாரம் ஆகியவை அனுபவமுள்ளவர்களின் பொறுப்பில் இருக்கும். புதிதாகச் சேர்ந்தவருக்குப் படவிழா, பாடல் வெளியீடு, நட்சத்திரப் பேட்டி போன்றவை கிடைக்கும். இங்கே தவறு நேர்ந்தாலும் பெரிய சேதம் இல்லை என்ற எண்ணம் அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஓர் அமைச்சகம் அனுப்பும் செய்திக்குறிப்பை யாரும் அப்படியே அச்சுக்கு அனுப்புவதில்லை. எதிர்த்தரப்பைத் தொலைபேசியில் அழைப்பார்கள், பழைய அறிக்கையோடு ஒப்பிடுவார்கள். ஒரு படத் தயாரிப்பு நிறுவனத்தின் மக்கள் தொடர்பாளர் அனுப்பும் குறிப்போ, சில சொற்கள் இடம் மாறியதும் செய்தியாகிவிடுகிறது.

நான் எழுதிய முதல் வசூல் செய்தியும் அந்த வகையைச் சேர்ந்தது. ஒரு படம் வெளியான சில நாள்களில் உலக அளவில் சாதனை படைத்துவிட்டதாகத் தயாரிப்புத் தரப்பு விளம்பர அட்டை வெளியிட்டிருந்தது. அதை வைத்து, மக்களின் ரசனை மாறிவருகிறது என்ற கருத்தையும் சேர்த்து, ஐந்து பத்தி எழுதி வரைவைக் கொடுத்தேன். அதைப் பார்த்த உதவி ஆசிரியர் ஓரத்தில் மூன்று கேள்விகளை மட்டும் எழுதித் திருப்பித் தந்தார். இது கிராஸா, நெட்டா, ஷேரா? யார் எண்ணியது? எதோடு ஒப்பிட்டுச் சாதனை என்கிறோம்? மூன்றில் ஒன்றுக்குக்கூட என்னிடம் விடை இல்லை. ரசனை மாற்றம் பற்றிய என் கருத்து முழுவதும், விடை தெரியாத அந்த மூன்று கேள்விகளின் மேல் கட்டப்பட்டிருந்தது.

வசூல் கணக்கு சற்று விரிவாகப் பார்க்கத் தக்கது. பார்வையாளர் டிக்கெட்டுக்குக் கொடுக்கும் மொத்தப் பணம் கிராஸ். அதிலிருந்து வரியைக் கழித்தால் நெட். அதிலும் திரையரங்கு தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு விநியோகஸ்தருக்குப் போய்ச் சேருவது ஷேர். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் முதல் எண்தான், ஏனெனில் மூன்றில் அதுவே பெரியது. ஒரு படம் செலவழித்த பணத்தை எடுத்ததா என்று அறிய வேண்டுமானால் கடைசி எண் வேண்டும். அதோடு தயாரிப்புச் செலவுக்கு வெளியே தனியாக நிற்கும் விளம்பரச் செலவும் வேண்டும். ஆகவே, ஒரே படத்தை ஒருவர் வெற்றி என்றும் இன்னொருவர் நஷ்டம் என்றும் சொல்லி, இருவருமே பொய் சொல்லாமல் இருக்க முடியும்.

‘எல்லாக் காலத்திலும் முதலிடம்’ என்ற சொற்றொடரும் அப்படிப்பட்டதே. 2009இல் வெளியான ‘அவதார்’, மறுவெளியீடுகளையும் சேர்த்து 290 கோடி டாலருக்கு மேல் வசூலித்து, உலகப் பட்டியலில் முதலிடத்தில் இருக்கிறது. ஆனால் பணவீக்கத்தைக் கணக்கில் கொண்டு பார்த்தால், 1939இல் வெளியாகி, பிறகு பலமுறை மறுவெளியீடு கண்ட ‘கான் வித் த விண்ட்’ படத்தைத்தான் பொதுவாக முதலில் வைக்கிறார்கள். டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகும்போது, முந்தைய படங்களைவிடக் குறைவானவர்கள் பார்த்த படம்கூட அதிகப் பணம் ஈட்டிவிடும். ரசனை மாறியதா என்று எழுத வந்தவருக்குத் தேவைப்படுவது விற்ற டிக்கெட்டுகளின் எண்ணிக்கை. கைக்குக் கிடைப்பதோ பணத்தின் அளவு. இந்த இடைவெளியைச் சொல்லாமல் எழுதப்படும் கருத்து, எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், வாசகரை ஏமாற்றுகிறது என்றே நான் நினைக்கிறேன்.

ஓடிடி தளங்கள் வந்தபின் அலகே நகரத் தொடங்கிவிட்டது. நெட்பிளிக்ஸ் ஒரு காலத்தில், படத்தில் அல்லது ஒரு தொடர்பகுதியில் 70 சதவீதத்தைப் பார்த்தவரைத்தான் பார்வையாளராகக் கணக்கிட்டது. 2020இன் தொடக்கத்தில் 2 நிமிடம் ஓடவிட்டாலே ஒருவர் பார்த்ததாகக் கொண்டது. 2021இல் மொத்தம் பார்க்கப்பட்ட மணிநேரத்துக்கு மாறியது. 2023இல் அந்த மணிநேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்து வரும் எண்ணைப் ‘பார்வைகள்’ என்று வெளியிடத் தொடங்கியது. ஏறக்குறைய 4 ஆண்டுகளில் நான்கு அளவுகோல்கள். 2019ஆம் ஆண்டுத் தொடரையும் 2020ஆம் ஆண்டுத் தொடரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இது அதை முந்தியது என்று எழுதினால், 70 சதவீதத்தையும் 2 நிமிடத்தையும் ஒப்பிட்டதாகிறது. வேலையின்மை விகிதத்தைக் கணக்கிடும் முறையை ஓர் அரசு இப்படி மாற்றியிருந்தால், மாற்றமே தலைப்புச் செய்தியாகியிருக்கும்.

அரசியல் செய்திக்கும் கலைச் செய்திக்கும் சரிபார்க்கும் முறை ஒன்றுதான் என்பதைக் கூட்டத்தை எண்ணும் வேலை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், 1960களில் மாணவர் போராட்டங்கள் நடந்த திடலைத் தம் அலுவலகச் சன்னலிலிருந்து பார்ப்பார். அந்தத் திடலின் தரை கட்டம் கட்டமாகப் பிரிந்திருந்தது. ஒரு கட்டத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை கட்டங்கள் நிரம்பியிருக்கின்றன என்று எண்ணிப் பெருக்கினார். அதிலிருந்து அவர் கண்ட விதியை இன்றும் செய்தியாளர்கள் பயன்படுத்துகிறார்கள்: தளர்வான கூட்டத்தில் ஒருவருக்கு 10 சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் 4.5 சதுர அடி, நெருக்கியடிக்கும் கூட்டத்தில் 2.5 சதுர அடி.

ஒரு மைதானம் 300 அடி நீளமும் 200 அடி அகலமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 60,000 சதுர அடி. தளர்வாக நின்றால் 6,000 பேர். நெருங்கி நின்றால் 13,000 பேருக்குச் சற்று மேல். கையைக்கூட அசைக்க முடியாதபடி நின்றால் 24,000 பேர். அங்கே ஒரு லட்சம் பேர் திரண்டார்கள் என்று ஏற்பாட்டாளர் சொன்னால், ஒவ்வொருவருக்கும் அரை சதுர அடிக்குச் சற்று அதிகமான இடம்தான் கிடைத்திருக்கும். அதில் ஒரு மனிதர் நிற்க முடியாது. மேடையில் நின்றவர் கட்சித் தலைவரா, பாடகரா என்பதால் இந்தப் பெருக்கல் மாறப்போவதில்லை. ஆனாலும் பேரணிக்குக் காவல்துறையின் மதிப்பீட்டையும் சேர்த்துக் கேட்கும் நாம், இசை நிகழ்ச்சிக்கு ஏற்பாட்டாளர் சொன்ன எண்ணையே எழுதிவிட்டு வருகிறோம். மைதானத்தை அளந்து பார்ப்பதற்குக் கால் மணி நேரம் போதும். என் பயிற்சிக் காலத்தில் நான் கற்றவற்றுள் இதைவிடப் பயனுள்ளது வேறு எதுவும் இல்லை.

கருத்து சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள் என்று இங்கே ஒருவர் சுட்டிக்காட்டலாம். உண்மைதான். சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழின் ராஜர் ஈபர்ட், 1975இல் அமெரிக்க இதழியலின் உயரிய விருதான புலிட்சர் பரிசை விமர்சனத்துக்காகப் பெற்றார். திரைப்பட விமர்சகர் ஒருவர் அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. ஒரு படம் நன்றாக இருக்கிறதா என்பதில் விமர்சகரின் தீர்ப்புக்குச் சான்றாவது அந்தப் படமே. வாசகரும் அதைப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஒரு நடிகர் ஏன் படத்திலிருந்து விலகினார், ஒரு பாடல் ஏன் நீக்கப்பட்டது, ஒரு விருது யாருக்கு ஏன் போனது என்பவை அப்படியல்ல. அவை நடந்த நிகழ்வுகள். அவற்றைப் பற்றிய கருத்தை விமர்சனம் என்ற பெயரில் எழுதி, விமர்சகருக்குரிய சுதந்திரத்தைக் கேட்பது சரியாகாது.

பொழுதுபோக்குப் பக்கத்தின் பார்வையில் மறைந்துபோவது பெரும்பாலும் உழைப்பும் ஊதியமும்தான். 2023 மே 2 அன்று அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியது. அது 148 நாள்கள் நீடித்தது. ஜூலை 14 முதல் நடிகர் சங்கமும் சேர்ந்துகொண்டு, 118 நாள்கள் வேலைக்குச் செல்லவில்லை. இரண்டு சங்கங்களும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் செய்தது 1960க்குப் பிறகு அதுவே முதல் முறை. எந்தப் படம் தள்ளிப்போகும், எந்த நட்சத்திரம் விளம்பரத்துக்கு வரமாட்டார் என்றே அன்று பல இடங்களில் செய்தி வந்தது. சங்கங்கள் கேட்டவையோ வேறு: மறு ஒளிபரப்பின்போது கிடைத்துவந்த தொடர் ஊதியம் ஓடிடியில் சுருங்கிப்போனது, தொடருக்கு அமர்த்தும் எழுத்தாளர்களின் எண்ணிக்கை குறைந்தது, செயற்கை நுண்ணறிவு எழுத்தையும் முகத்தையும் குரலையும் எடுத்துக்கொள்ளுமோ என்ற அச்சம். ஒரு தொழிற்சாலையில் இதே கோரிக்கைகள் எழுந்திருந்தால் தொழிலாளர் விவகாரங்களை எழுதும் நிருபரைத்தான் அனுப்பியிருப்பார்கள். அந்த வேலைநிறுத்தம் அந்த ஆண்டின் மிக முக்கியமான தொழிலாளர் செய்திகளுள் ஒன்று என்பது என் உறுதியான எண்ணம். நட்சத்திரங்களின் பெயர்கள் அதில் இருந்ததால்தான் பலருக்கு அது கண்ணில் படாமல் போனது.

கிசுகிசுவாகப் பல ஆண்டுகள் சுற்றிவந்த ஒன்று எப்படிச் செய்தியாக மாறுகிறது என்பதற்கு 2017 அக்டோபர் நல்ல சான்று. ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் பெண்களிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபடுவதாக அந்தத் துறையில் இருந்த பலருக்கு அரசல்புரசலாகத் தெரிந்திருந்தது. அக்டோபர் 5 அன்று நியூயார்க் டைம்ஸில் ஜோடி கான்டர், மேகன் டூஹி ஆகியோர் எழுதிய கட்டுரையில் புதிதாக இருந்தவை ஆவணங்களும், பெயர் சொல்லிப் பேச முன்வந்தவர்களின் சொற்களுமே: குறைந்தது எட்டுப் பெண்களோடு செய்துகொள்ளப்பட்ட பண உடன்பாடுகள், நிறுவனத்தின் உள்குறிப்புகள், வெளிப்படையான வாக்குமூலங்கள். சில நாள்களில் நியூயார்க்கர் இதழில் ரோனன் ஃபாரோவின் கட்டுரை வெளிவந்தது. பொதுச் சேவைக்கான 2018ஆம் ஆண்டுப் புலிட்சர் பரிசை இரு நிறுவனங்களும் பகிர்ந்துகொண்டன. வழக்கு அதன்பின் எளிதாக நடந்து முடியவில்லை. அவர் குற்றவாளி என்று 2020இல் நியூயார்க்கில் வந்த தீர்ப்பை 2024இல் மேல்நீதிமன்றம் ரத்து செய்தது. லாஸ் ஏஞ்சலஸில் வேறொரு வழக்கில் 2022இல் வந்த குற்றத் தீர்ப்பு அப்போதும் நின்றது. தொடர்ந்து கவனிக்காமல் பழைய செய்தியை நினைவில் வைத்துக் கருத்து எழுதியவர்கள், 2024இல் எந்தப் பக்கம் எழுதினாலும் தவறாகத்தான் எழுதியிருப்பார்கள்.

மலையாளத் திரையுலகில் பெண்கள் எதிர்கொள்ளும் பாலியல் தொல்லைகளையும் பணிச்சூழலையும் ஆராய்ந்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கையும் இதோடு சேர்த்துப் படிக்கத் தக்கது. 2017இல் அமைக்கப்பட்ட குழு 2019 டிசம்பர் இறுதியில் அறிக்கையைக் கொடுத்தது. சில பகுதிகள் நீக்கப்பட்ட வடிவில் அது பொதுவெளிக்கு வந்தது 2024 ஆகஸ்டில்தான். வெளிவந்த நாள்களில் எந்த நடிகரின் பெயர் என்ற கேள்வியே எங்கும் ஓங்கி ஒலித்தது. அந்த அறிக்கையில் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வேலை வாங்குவது பற்றியும், படப்பிடிப்புத் தளங்களில் பெண்களுக்குக் கழிப்பறையும் உடை மாற்ற இடமும் இல்லாதது பற்றியும் எழுதப்பட்டிருந்தவை குறைவாகவே பேசப்பட்டன. கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே தவிர்ப்பதாகச் சொன்ன பெண்களின் நிலையைப் படித்தபோது, ஒரு பெயரைத் தேடி அந்தப் பக்கங்களை எத்தனை வேகமாகப் புரட்டினேன் என்று எனக்கே உறைத்தது.

தளர்ச்சி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு பிரிட்டனின் நியூஸ் ஆஃப் த வேர்ல்ட் வார இதழின் முடிவைப் பார்க்கலாம். அரச குடும்பத்தினரின் உதவியாளர்களுடைய தொலைபேசிக் குரல்பதிவுகளை ஒட்டுக்கேட்டதற்காக, அதன் செய்தியாளர் ஒருவரும் தனியார் துப்பறிவாளர் ஒருவரும் 2007இலேயே சிறை சென்றார்கள். நடிகர்களும் விளையாட்டு வீரர்களும் தாங்களும் ஒட்டுக்கேட்கப்பட்டதாகத் தொடர்ந்து புகார் சொல்லிவந்தார்கள். பொதுமக்களிடம் பெரிய சலனம் இல்லை; புகழ் தேடியவர்கள் கொடுக்கும் விலை அது என்ற நினைப்பு பலரிடம் இருந்தது. 2002இல் கொலையுண்ட ஒரு பள்ளிச் சிறுமியின் குரல்பதிவுகளையும் அந்த இதழ் ஒட்டுக்கேட்டது என்று 2011 ஜூலை 4 அன்று கார்டியன் நாளிதழ் எழுதியபோது நாடே கொதித்தது. ஜூலை 10 அன்று, 168 ஆண்டுகள் வெளிவந்த அந்த இதழ் தன் கடைசிப் பதிப்பை வெளியிட்டது. சிறுமி காணாமல்போயிருந்த நாள்களில் அவளுடைய குரல்பதிவுகளை அந்த இதழே அழித்தது என்றும், அதனால் அவள் உயிரோடிருப்பதாகப் பெற்றோர் நம்பினார்கள் என்றும் கார்டியன் முதலில் எழுதியிருந்தது. அதற்கு ஆதாரம் நிற்கவில்லை என்று தெரிந்ததும் அதே ஆண்டு டிசம்பரில் திருத்தம் வெளியிட்டது. இவ்வளவு பெரிய குற்றத்தை அம்பலப்படுத்திய கட்டுரையிலும் ஒரு வாக்கியம் திருத்தப்பட வேண்டியிருந்தது என்பதை ஒவ்வொரு வரைவையும் முடிக்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.

மரணச் செய்தியில்தான் இவை எல்லாம் ஒன்றாக வந்து சேர்கின்றன. 2011 ஜனவரி 8 அன்று சுடப்பட்ட அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் இறந்துவிட்டதாக, பெயர்பெற்ற பல செய்தி நிறுவனங்கள் அறிவித்தன. அவர் உயிர் பிழைத்தார். 2017 அக்டோபர் 2 அன்று பாடகர் டாம் பெட்டி இறந்துவிட்டதாக அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான சிபிஎஸ் செய்தி வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையிடமிருந்து வந்த ஒரே தகவல்தான் அடிப்படை. பிறகு அந்தத் துறை, தகவல் கவனக்குறைவாகத் தரப்பட்டுவிட்டதாகச் சொன்னது. மற்ற ஊடகங்கள் அதை எடுத்து எழுதி, இரங்கல்கள் குவிந்துகொண்டிருந்த நேரத்தில் அவர் மருத்துவமனையில் உயிரோடிருந்தார், அன்றிரவுதான் காலமானார். முந்தைய இரவு லாஸ் வேகாஸில் இசைவிழாவில் நடந்த துப்பாக்கிச் சூட்டின் செய்திகளால் எல்லாச் செய்தி அறைகளும் திணறிக்கொண்டிருந்த நாள் அது. இரண்டு தவறுகளிலும் நடந்தது ஒன்றே: ஓர் ஊடகம் சொன்னதைப் பத்து ஊடகங்கள் திருப்பிச் சொன்னதும், பத்துத் தனித்தனி ஆதாரங்கள் இருப்பதாகத் தோன்றிவிட்டது.

புகழ்பெற்றவர் தற்கொலை செய்துகொண்டால் பொறுப்பு பல மடங்காகிறது. நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014 ஆகஸ்டில் இறந்தபின் வந்த மாதங்களில், அமெரிக்காவில் தற்கொலைகள் எதிர்பார்க்கப்பட்டதைவிடச் சுமார் 10 சதவீதம் அதிகமாக இருந்ததாக 2018இல் வெளியான ஆய்வு கண்டது. ஊடகச் செய்தி மட்டுமே காரணம் என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை. ஆயினும் செய்தி எழுதப்படும் விதத்துக்கும் அதைத் தொடர்ந்து நிகழும் இறப்புகளுக்கும் தொடர்பு உண்டு என்பது பல ஆய்வுகளில் வந்த முடிவு. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டிலிருந்து செய்தியாளர்களுக்கென வழிகாட்டுதல்களை வெளியிட்டு, அவ்வப்போது புதுப்பித்தும் வருகிறது. முறையை விவரிக்க வேண்டாம், இடத்தைக் குறிப்பிட வேண்டாம், ஒற்றைக் காரணத்தைச் சொல்லி முடிக்க வேண்டாம், உதவி எங்கே கிடைக்கும் என்பதைச் சேர்க்கவும் என்பவை அதன் சாரம்.

கடந்த மாதம் பயிற்சிக்காக அப்படிப்பட்ட ஒரு பழைய செய்தியைத் திருத்தி எழுதும் வேலை எனக்குத் தரப்பட்டது. தலைப்பில் முறை இருந்தது. முதல் பத்தியில் அறை இருந்தது. இரண்டாம் பத்தியில் காதல் தோல்வியே காரணம் என்று ‘நெருங்கிய வட்டாரம்’ சொன்னது. பிறகு ஆறு பத்திகளுக்கு எழுதியவரின் கருத்து. தலைப்பிலிருந்து முறையை எடுத்தேன். அறையை எடுத்தேன். பெயர் சொல்லாத வட்டாரத்தை எடுத்ததும், அதை நம்பி நின்ற ஆறு பத்திகளும் போயின. கையில் நின்றவை அவருடைய பெயர், வயது, அவர் செய்த படங்கள், மரணத்தை உறுதி செய்தவர் யார் என்ற ஒரு வரி. அதன் கீழே உதவி எண்ணைச் சேர்த்து, அந்த எண் இப்போதும் இயங்குகிறதா என்று அறிய நானே அழைத்துப் பார்த்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார்கள்.